கடன் கணக்கிலிருந்து தொடங்குங்கள்: ராமநாதபுரம் கரையில் சங்கம் கட்ட வருகிறவர்களுக்கு

தொண்டியிலிருந்து நரிப்பையூர் வரை எந்தக் கரையூருக்குப் போய் "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டாலும் பத்து நிமிடத்தில் நீண்ட பட்டியல் கிடைத்துவிடும். குடிதண்ணீர், பட்டா, கடல்பாசி விலை, வட்டி, வனத்துறை, இலங்கைக் கடற்படை, சாதி, பள்ளிக்கூடத்துக்கு பஸ். அதை அப்படியே மனுவாக எழுதி, நூறு கையெழுத்து வாங்கி, கலெக்டர் ஆபீஸில் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. மனு போய்ச் சேரும், சங்கம் மட்டும் உருவாகாது.

நூறு பேர் கையெழுத்துப் போட்ட ஊரில், கூட்டம் என்று கூப்பிட்டால் நாலு பேர்கூட வாய் திறக்க மாட்டார்கள். ஜனங்கள் பயந்தவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு தொகை இருக்கிறது, ஒரு ஆளின் பெயரும் இருக்கிறது. யார் கையிலிருந்து முன்பணம் வாங்கியிருக்கிறோமோ அவர் காதில் விழும்படி எதையும் பேச முடியாது. சாதி நீதிக்கும் கூலி நீதிக்கும் வேலை செய்ய இந்தக் கரைக்கு வருகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்பதைத்தான். கோரிக்கை, கொடி, பெயர்ப்பலகை எல்லாம் அப்புறம்.

பாசி எடுக்கும் பெண்களை வைத்தே இங்கே அதிகம் எழுதுகிறேன். மாவட்டத்தில் மிகக் கடுமையான உழைப்பில் அதுவும் ஒன்று. விரலில் துணி சுற்றிக்கொண்டு, முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கிப் பாறையிலிருந்து பிடுங்கி எடுக்கிற வேலை. அதற்கான விலையை நிர்ணயிப்பவர் கரையில் உட்கார்ந்திருக்கிறார். உப்பளத்திலும் கரிமூட்டத்திலும் நண்டு உடைக்கும் கம்பெனியிலும் வேலை செய்பவர்களுக்கும் இதே வழி பொருந்தும்.

கரையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே விசைப்படகும் நாட்டுப்படகும் ஒன்றோடொன்று மோதாமலிருக்க வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள் என்று கடலைப் பிரித்துக்கொண்ட ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. இழுவைப்படகுகளால் வலை அறுந்துபோன சிறு மீனவர்கள் பல ஊர்களில் போராடியதன் விளைவாக வந்த சட்டம் அது. புதிதாக வருகிறவர் இதை மறக்கக் கூடாது. சட்டப் புத்தகத்தில் இருக்கிற பல வரிகள் இந்த மாதிரிக் கரைகளில் நடந்த சண்டைகளால் எழுதப்பட்டவை.

தெற்கே 1986-இல், ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து தேசிய கடல்சார் பூங்கா அறிவிக்கப்பட்டது. பாட்டி காலத்திலிருந்து வத்தை என்ற சிறு படகில் போய்ப் பாசி எடுத்த தீவில் கால் வைப்பது அதிலிருந்து குற்றமாகிவிட்டது. 2001-இல் கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலுக்குள் வந்தது. அட்டை எடுத்துப் பிழைத்தவர்கள் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள். பவளப்பாறையைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. காப்பாற்றும் செலவு முழுவதையும் மிக ஏழையான பெண்ணின் தலையில் வைத்ததுதான் அநியாயம்.

அப்புறம் தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் என்று 2023-இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் 5,000. இந்த மாதங்களை உங்கள் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வீட்டில் ஆள் இருக்கும், கையில் காசு இருக்காது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். கடன் உச்சத்துக்குப் போவது அப்போதுதான். பேசுவதற்கு நேரமும், பேச வேண்டிய காரணமும் சேர்ந்து கிடைக்கும் காலம் இது.

ஊர் என்றால் ஒன்று என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். படகும் வலையும் சொந்தமாக வைத்திருக்கும் சம்மாட்டி ஒரு பக்கம், அவர் படகில் பங்குக்குப் போகிறவர் இன்னொரு பக்கம். கருவாடு காயவைப்பவர், தலைச்சுமையில் மீன் விற்பவர், பாசி எடுப்பவர் என்று பெண்களுக்குள்ளேயே பிரிவுகள் உண்டு. கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் தெருக்களில் உப்பளத்துக்கும் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடவும் போகிறவர்கள். கோயில், பள்ளிவாசல், சர்ச் என்று மூன்று வகை ஊர்கள் அடுத்தடுத்து இருக்கும். "மீனவர் பிரச்சினை" என்று மொத்தமாகப் பேசினால் சம்மாட்டியின் பிரச்சினை மட்டும் மேலே வரும். விலைக்காகக் கத்துகிற கூட்டத்தில் பங்குக் கூலி பற்றி யாரும் பேசுவதில்லை. யாருக்காக வேலை செய்ய வந்தீர்கள் என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

முதல் சில வாரங்கள்

ஊர்த் தலைவரையோ ஜமாத்தையோ பங்குத்தந்தையையோ முதலில் போய்ப் பார்த்துவிடுங்கள். யார், எங்கிருந்து வந்திருக்கிறோம், யாரோடு பேசப் போகிறோம் என்று தகவல் சொல்வதற்காக மட்டும். அனுமதி கேட்கிற தொனி வேண்டாம்; ஒரு தடவை அனுமதி கேட்டுவிட்டால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் கேட்க வேண்டியிருக்கும். பெரும்பாலான ஊர்க்கூட்டங்களில் பெண்கள் உட்கார்வதில்லை. எனவே ஊர்க்கூட்டத்தில் பேசிவிட்டால் பெண்களோடு பேசியதாகிவிடாது.

அதற்கப்புறம் வேலை நடக்கும் இடத்துக்குப் போங்கள். பாசி காயவைக்கும் மணலில், கருவாட்டுக் களத்தில், குடத்தோடு வரிசையில் நிற்கும் குழாயடியில். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் நன்றாக வற்றும்போது பாசிக்குப் போவார்கள். அந்த நாட்களில் கூட்டம் வைத்தால் யாரும் வர மாட்டார்கள், வந்தால் கூலி போகும். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் கடல் கலங்கிக் கிடக்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். கிறிஸ்தவ ஊரில் ஞாயிறு பூசைக்குப் பின், முஸ்லிம் ஊரில் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் தவிர்த்து என்று நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அக்கா, மதினி என்று கூப்பிடுகிற ஊரும் உண்டு, லாத்தா, காக்கா என்று கூப்பிடுகிற ஊரும் உண்டு. யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். வயதில் சிறிய பெண்ணாக இருந்தாலும் "நீங்க" என்று பேசுங்கள். சேரித் தெருவில் எழுபது வயது ஆளை ஒருமையில் கூப்பிட்டுப் பழகிய ஊரில், நீங்கள் எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்பதை எல்லாக் காதும் கவனிக்கும்.

கையில் படிவம் வேண்டாம், போனில் பதிவு செய்யவும் வேண்டாம். "யாருகிட்ட பாசி போடுறீங்க?", "எப்பலேருந்து அவருகிட்டயே போடுறீங்க?", "வேற ஆளுகிட்ட போட்டா என்ன ஆகும்?" இந்த மூன்றாவது கேள்விக்கு வருகிற மௌனத்தைக் கவனியுங்கள். பேச வேண்டிய விஷயம் அதற்குள் இருக்கிறது.

கடன் வரைபடம்

இந்த வேலையை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்.

ஒரு பாசிக்காரக் குடும்பத்துக்குப் பொதுவாக நாலைந்து வகைக் கடன் இருக்கும். பாசி வியாபாரி கொடுத்த முன்பணம்: இதற்கு வட்டி என்று எதுவும் எழுதப்படுவதில்லை, அதற்குப் பதிலாகப் பாசியை அவருக்கே, அவர் சொன்ன விலைக்கே போட வேண்டும். கணவர் படகில் போகிறவராக இருந்தால் சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணம்: அதை அடைக்காமல் வேறு படகுக்கு மாற முடியாது. நுண்கடன் கம்பெனியின் வாரக்கடன்: ஒருவர் கட்டாவிட்டால் குழுவே வீட்டு வாசலில் வந்து நிற்கும். நகை அடகு. கடைசியில் கந்துவட்டி.

இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வாயை அடைக்கும். வாரக்கடன் பக்கத்து வீட்டுக்காரியையே வசூல்காரி ஆக்குகிறது. எனவே ஒரே தெருவில் இருக்கும் பெண்களுக்குள் கசப்பு ஊறிப்போயிருக்கும், அவர்களை ஒன்றாக உட்காரவைப்பதே பெரிய பாடு. வியாபாரி முன்பணம் விலை பற்றிய பேச்சை அடைக்கும். சம்மாட்டி முன்பணம் வீட்டு ஆணையே "சங்கத்துக்குப் போகாதே" என்று மனைவியிடம் சொல்லவைக்கும். அவர் கெட்டவர் என்பதால் சொல்வதில்லை, அடுத்த வாரம் படகில் இடம் இருக்காது என்பதால் சொல்கிறார்.

வரைபடம் போடும் முறை இது. நம்பிக்கையான ஏழெட்டுப் பெண்கள் கிடைத்தவுடன், ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள். தரையில் சோக்கட்டியால் வீடுகளை வட்டமாகப் போடுங்கள். ஒவ்வொரு வகைக் கடனுக்கும் ஒரு பொருள்: வியாபாரிக்குச் சிப்பி, சம்மாட்டிக்குக் கல், வாரக்கடனுக்குப் புளியங்கொட்டை. எந்த வட்டத்தில் எது விழுகிறது என்று அவர்களே வைக்கட்டும். தொகை கேட்காதீர்கள். பெயர் எழுதாதீர்கள், படம் எடுக்காதீர்கள், முடிந்ததும் தரையைத் துடைத்துவிடுங்கள். அந்தத் தகவல் வெளியே போனால் அடுத்த நாளே ஒரு குடும்பத்துக்கு முன்பணம் நின்றுபோகும். உங்கள் நிறுவனம் அறிக்கை கேட்கிறது என்பதற்காக இதைத் தாளில் ஏற்றாதீர்கள்.

அந்தத் தரையில் மூன்று விஷயம் தெரியும். ஒரே ஆளிடம் எத்தனை வீடு சிக்கியிருக்கிறது என்பது முதலாவது. எந்தப் பெண்ணுக்கு எந்தச் சிப்பியும் இல்லை என்பது அடுத்தது; முதலில் எழுந்து பேசக்கூடியவர் அவர்தான். பெரும்பாலும் விதவையாகவோ, மகன் வெளிநாட்டில் இருக்கும் தாயாகவோ, டெய்லர் மெஷின் வைத்திருப்பவராகவோ இருப்பார். நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக மட்டும் ஒருவரை முன்னால் தள்ளாதீர்கள். கழுத்தில் கடன் இருக்கும் ஆளை முன்னால் நிறுத்தினால் அடி அவருக்குத்தான் விழும். மூன்றாவதாக, எந்தக் கோரிக்கையை எழுப்பினால் எத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் ஆபத்து என்பது. இது தெரியாமல் விலை உயர்வு கேட்டுப் போகக் கூடாது.

கந்துவட்டிக்கு எதிராக 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. மிரட்டல், வீட்டைப் பூட்டுதல், ஆட்களை அனுப்புதல் நடந்தால் அதன்கீழ் புகார் கொடுக்கலாம். ஆனால் புகார் கொடுப்பவருக்கு அடுத்த மாதச் செலவுக்கு வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

முதல் கோரிக்கை: தராசு

முதல் கோரிக்கை சின்னதாக, ஜெயிக்கக்கூடியதாக, எல்லார் கையிலும் காசாகத் தெரிவதாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் தராசுதான்.

பாசி காய்ந்தபின் எடை போடும்போது மண், ஈரம் என்று "கழிவு" பிடிப்பார்கள். எவ்வளவு என்பது வியாபாரியின் வாய்ச்சொல். தராசில் முத்திரை இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 20 கிலோ போடுகிற பெண்ணுக்குக் கழிவிலும் எடையிலும் சேர்த்து 3 கிலோ போகிறது, கிலோ 60 ரூபாய். அப்படியானால் ஒரு தடவைக்கு 180 ரூபாய். நாற்பது பெண்கள் ஆளுக்கு ஆறு தடவை போட்டால் 43,200 ரூபாய். இந்தக் கணக்கை நீங்கள் போட்டுக் காட்டாதீர்கள். அந்த ஊரில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளையைப் போடச் சொல்லுங்கள், அம்மாக்கள் முன்னால், ஊருக்குரிய உண்மையான எடையையும் விலையையும் வைத்து. அதற்குப் பிறகு கூட்டத்தில் நீங்கள் பேச வேண்டிய தேவையே இருக்காது.

எடை அளவு விஷயம் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ் வருகிறது. தமிழ்நாட்டில் அதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. மின்னணுத் தராசுக்கு வருடத்துக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும். ராமநாதபுரத்திலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு ஐந்தாறு பெண்களாகப் போய், இந்தப் பகுதியில் பாசி, கருவாடு, நண்டு எடுக்கும் எல்லாத் தராசையும் சோதிக்கக் கேளுங்கள். ஒரு வியாபாரியின் பெயரைச் சொல்லாதீர்கள். எல்லாத் தராசும் என்று கேட்டால் யாரும் தனியாகப் பழிவாங்கப்பட மாட்டார்கள். அதோடு, எடை போடும்போது சங்கத்தின் சார்பில் ஒரு பெண் பக்கத்தில் நின்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளும் வழக்கத்தைத் தொடங்குங்கள். நோட்டைப் பார்த்தாலே கழிவு குறைய ஆரம்பிக்கும்.

தராசு சரியான பிறகு, சங்கமே ஒரு தராசு வாங்கி முத்திரை போட்டு வைத்துக்கொள்ளலாம். விலை பேசும் நாளுக்கு அது உதவும்.

சாதியை ஒத்திப்போடாதீர்கள்

"முதலில் கூலியை ஜெயிப்போம், சாதியை அப்புறம் பார்க்கலாம்" என்று அனுபவசாலிகள் சிலர் சொல்வார்கள். இதை நான் ஏற்பதில்லை. ஒத்திப்போட்ட இடத்திலெல்லாம், சங்கம் வளர்ந்த பிறகு தலைவர் பதவி ஒரு தெருவுக்கும் பாய் விரிக்கிற வேலை இன்னொரு தெருவுக்கும் போயிருக்கிறது. வியாபாரிகளும் அந்தப் பிளவை வைத்தே சங்கத்தை உடைப்பார்கள். ஒரு தெருவுக்கு மட்டும் நாலு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் போதும்.

முதல் கூட்டத்திலிருந்தே சில விஷயங்களைப் பிடிவாதமாகச் செய்யுங்கள். கூட்டம் தெருவுக்குத் தெரு மாறி நடக்கட்டும், சேரித் தெருவில் முதலில் வையுங்கள். வர மறுப்பவர்கள் யார் என்று அப்போதே தெரிந்துவிடும். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசலாம், இடத்தை மட்டும் மாற்றாதீர்கள். எல்லாரும் ஒரே வகை டம்ளரில் டீ குடிக்கட்டும், டம்ளரை முறை வைத்துக் கழுவட்டும். பொருளாளர் பொறுப்பு, கையெழுத்துப் போடும் உரிமை, சாவி ஆகிய மூன்றும் ஒரே சாதியிடம் இருக்கக் கூடாது. உப்பளத்துப் பெண்களின் கோரிக்கைக்குப் பாசிக்காரப் பெண்கள் வர வேண்டும், பாசிக்கு உப்பளத்துப் பெண்கள் வர வேண்டும். வாலிநோக்கம் பக்கம் இது எளிது. அங்கே அரசு உப்பு நிறுவனத்தின் உப்பளமும் பாசிக் கரையும் அருகருகே இருக்கின்றன.

வன்கொடுமை நடந்தால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் தெரிந்து வைத்திருங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முன்விசாரணை தேவையில்லை, அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். துணைக் கண்காணிப்பாளர் அந்தஸ்துக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும். 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். நிவாரணத் தொகை தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் கட்டம் கட்டமாகக் கிடைக்க வேண்டும். கரையூர்களில் ஒரு சிக்கல் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ மாறிய தலித் குடும்பத்துக்கு அதே அவமானம் நடந்தாலும் இந்தச் சட்டம் கைகொடுக்காது. பாதிக்கப்பட்டவரின் சாதிச் சான்றிதழில் என்ன இருக்கிறது என்று வக்கீலிடம் போகும் முன்பே பாருங்கள், இல்லையென்றால் வழக்கு தொடக்கத்திலேயே அடிபடும்.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பேரணி எதையும் திட்டமிடாதீர்கள். இமானுவேல் சேகரன் 1957-இல் பரமக்குடியில் கொல்லப்பட்ட செப்டம்பர் 11 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் அஞ்சலி செலுத்த வருவார்கள். அக்டோபர் கடைசியில் தேவர் குருபூஜை. இரண்டையும் ஒட்டி மாவட்டம் முழுக்கத் தடை உத்தரவு போடுவது வழக்கம். 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த மாதங்களில் உள்கூட்டம், கணக்கு, படிப்பு என்று வேலையை வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் பதற்றம் வந்தால் சங்கப் பெண்கள் இரு தெருவுக்கும் போய்வரும் ஆட்களாக இருப்பதே அந்த நேரத்தில் பெரிய வேலை.

மறுப்பதற்குக் காசு வேண்டும்

விலைக்காக வியாபாரியிடம் போட மறுக்கும் நாள் ஒரு நாள் வரும். அன்றைக்கு வீட்டில் அரிசி இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் 1955 டிசம்பர் 5 முதல் 381 நாள் நகரப் பஸ்ஸில் ஏறவில்லை. ரோசா பார்க்ஸ் பெயரும் மார்ட்டின் லூதர் கிங் பெயரும் நமக்குத் தெரியும். ஆனால் அத்தனை நாள் வேலைக்குப் போய்வந்தது எப்படி? நூற்றுக்கணக்கான சொந்தக் கார்களை முறைபோட்டு ஓட்டினார்கள். அதற்குப் பெட்ரோல் காசு? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண், மற்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு வறுத்த கோழியும் கேக்கும் சமைத்து விற்று, வாராவாரம் கூட்டத்தில் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பெண்களில் பலர் வெள்ளைக்காரர் வீட்டில் வேலை பார்த்தவர்கள். பெயர் தெரிந்தால் வேலை போகும். எனவே கொடுத்தவர் பெயரைக் கடைசிவரை வெளியே சொல்லவில்லை. வெளியே தெரிந்த முகம் கில்மோர் மட்டும். போராட்டத்தின்போது அவருக்கும் வேலை போயிற்று, அதன்பின் அவரை மிரட்ட முதலாளி இல்லை. கடன் வரைபடத்தில் சிப்பி இல்லாத பெண்ணைத் தேடச் சொன்னேனே, அது இதற்காகத்தான்.

இங்கே செய்யக்கூடியது இதுதான். மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஏற்கெனவே இருக்கின்றன, அந்தச் சேமிப்பைத் தொடாதீர்கள். சங்கத்துக்கென்று தனி உண்டியல். பாசி போடும் ஒவ்வொரு தடவையும் பத்து ரூபாய். கூடவே, தீபாவளிச் சீட்டு மாதிரி ஆளுக்கு மாதம் ஒரு கிலோ அரிசிச் சீட்டு. இரண்டு அமாவாசைக்குத் தாக்குப்பிடிக்கும் அரிசி சேரும்வரை விலை மறுப்பை அறிவிக்காதீர்கள். அதற்குள் பக்கத்து ஊர்களோடு பேசி முடித்திருக்க வேண்டும். சின்னப்பாலத்தில் மறுத்துவிட்டு வேதாளையில் விற்றுக்கொண்டிருந்தால் வியாபாரி சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்புவார். எல்லாருக்கும் கடன் இருக்கும் வியாபாரியை முதலில் எதிர்க்க வேண்டாம். குறைந்த வீடுகளைப் பிடித்துவைத்திருக்கும் வியாபாரியிடம் முதலில் நியாய விலையும் எழுத்தில் எடையும் பேசி முடியுங்கள். மற்றவர்கள் பின்னால் வர வேண்டியிருக்கும்.

வெளிநாட்டுப் பணம் யாராவது தருவதாகச் சொன்னால் வாங்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவில்லாமல் அது குற்றம். பதிவிருந்தாலும், காசு வெளியிலிருந்து வந்தால் கோரிக்கையும் வெளியிலிருந்து வரத் தொடங்கும்.

நாமே எழுதும் விதி

வனத்துறையோடு பேசுவதில் இந்தக் கரைப் பெண்கள் ஏற்கெனவே ஒரு நல்ல வழியைக் காட்டியிருக்கிறார்கள். பிடுங்கிய பாசியைப் பறிமுதல் செய்து விரட்டிய காலத்தில், அவர்கள் தங்களுக்குள் கூடி விதி போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசிக்குப் போவது, பாறையைச் சுரண்டும் இரும்பைக் கைவிட்டுக் கையால் எடுப்பது, பாசி வளரும் காலத்தில் ஓய்வு விடுவது. பாசியை அழிக்கிறவர்கள் என்று சொன்ன அதிகாரியின் முன் அந்த விதிகளோடு போய் உட்கார்ந்தார்கள். அந்த முயற்சியில் முன்னால் நின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி விருது கிடைத்தது. தீவுகளைக் காப்பவர்களுக்கென்று உலக அளவில் கொடுக்கப்படும் விருது அது.

எந்தத் துறையோடு பேசப் போனாலும் இதைச் செய்யுங்கள். அவர்கள் கேட்கும் முன்பே நம் பக்கத்து விதியை எழுதி, எல்லாரும் கைநாட்டு வைத்து, அதை ஆறு மாதம் கடைப்பிடித்துக் காட்டிவிட்டுப் போங்கள். பேச்சின் தொனியே மாறிவிடும்.

தாள் வேலை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்தால் பதிவு எண் வாங்காமல் திரும்பாதீர்கள். முதல்வரின் உதவி எண் 1100. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "எங்கள் மனு எந்த நாளில் யார் மேசைக்குப் போனது" என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. மனுவைவிட இந்தக் கேள்விக்குப் பலன் அதிகம்.

கிராம சபை தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சிகளில் மட்டும்தான் கிராம சபை உண்டு. ராமேஸ்வரமும் கீழக்கரையும் நகராட்சிகள், அங்கே கிடையாது. தீர்மானத்தைப் பேசினால் போதாது. தீர்மான நோட்டில் எழுதப்பட்டதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே பெண்கள் கையெழுத்துப் போட வேண்டும். காலித் தாளில் வாங்கும் கையெழுத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும், ஆனால் அவசரப்பட வேண்டாம். மாதக்கூட்டம் தவறாமல் நடந்து, கணக்கு வாசிக்கும் பழக்கம் வந்த பிறகு பதிவு செய்யலாம். மீனவர் நல வாரிய அட்டை எத்தனை பெண்களிடம் இருக்கிறது என்று முதல் மாதத்திலேயே பாருங்கள். படகில் போகும் ஆணின் பெயரில் மட்டும் அட்டை இருந்து, பாசி எடுக்கும் பெண் தொழிலாளியாகவே கணக்கில் வராமல் இருப்பது சாதாரணம். அட்டை எடுத்துக் கொடுப்பது சின்ன வேலை. அதன் வழியாக ஐம்பது வீட்டுக்குள் போய்விடலாம்.

மிரட்டல் வரும்போது

வரும். முதலில் உறவினர் மூலமாக, அப்புறம் கடனைத் திருப்பிக் கேட்பதாக, அதற்கும் மசியாவிட்டால் வழக்காக. உங்களை "வெளியாள், மதம் மாற்ற வந்தவர், பணம் வாங்கிக்கொண்டு வந்தவர்" என்பார்கள். கணக்கு நோட்டைத் திறந்து காட்டுவதுதான் அதற்குப் பதில். ஒரு பெண்ணிடம் முன்பணத்தை உடனே திருப்பக் கேட்டால் சங்க உண்டியலில் இருந்து எவ்வளவு தரலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷனுக்கு யாரும் தனியாகப் போகக் கூடாது. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. உதவி எண் 15100. அந்த வக்கீலைப் பிரச்சினை வரும் முன்பே ஒரு கூட்டத்துக்கு அழைத்து வந்து அறிமுகப்படுத்துங்கள்.

கூட்டம் நடத்துவதை முதல் வருடத்துக்குள்ளேயே கைமாற்றத் தொடங்குங்கள். முதலில் கணக்கு வாசிப்பதை ஒரு பெண்ணிடம் கொடுங்கள், அடுத்து அதிகாரியிடம் பேசுவதை, அடுத்து பக்கத்து ஊருக்குப் போய் புதிய குழு தொடங்குவதை. பொறுப்புகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறும் என்று விதியில் எழுதிவிடுங்கள், மாறும்போது தெருவும் மாற வேண்டும் என்பதையும் சேர்த்து. ஏப்ரல் 15-க்கு முந்தின வாரம் வருடக் கூட்டத்தை வையுங்கள். அன்றைக்கு முழு வருடக் கணக்கும் வாசிக்கப்படட்டும், எடை நோட்டு எல்லார் கையிலும் ஒரு சுற்றுப் போகட்டும், புதுப் பொருளாளரிடம் உண்டியல் சாவியும் தராசின் முத்திரைச் சான்றிதழும் ஒப்படைக்கப்படட்டும். அடுத்த நாளே அவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குக் கிளம்பலாம். தடைக்காலம் முழுவதும் அங்கே பேச ஆள் இருக்கும்.